பயாஸை முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டர் பிராசஸரை மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரையை, சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்தினால் புதியதை மாட்டிவிடலாம் என்று முடித்துவிட்டீர்கள். அது பாதிதான் சரி. என்னுடையது 2017-இல் வாங்கிய, ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் உள்ள பி350 மதர்போர்டு. அதிலிருந்த ரைசன் 5 1600 பிராசஸரை எடுத்துவிட்டு, ரைசன் 5 5600 போட்டேன். பழைய டிடிஆர்4 ரேமே ஓடுகிறது. ஆனால் பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் புது சிப்பைப் போர்டு அடையாளம் காணாது, திரையே வராது.

இன்னொன்று, ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில்தான், மொத்தம் 1331. பிராசஸர்மேல் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் இறுகி ஒட்டிக்கொண்ட கூலரை (சூட்டைத் தணிக்கும் பாகம்) வெடுக்கென்று இழுத்தால் சிப்பும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கு அப்படித்தான் வந்து இரண்டு பின் வளைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடு முனையால் நிமிர்த்தினேன். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடேறியதும் அணைத்து, கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.