உறுதி முடித்தால் காணி உங்களுடையதா?

"நொத்தாரிசு கையெழுத்து வைத்துவிட்டால் காணி உங்களுடையதுதான், பிறகு யாரும் கேட்க முடியாது" என்றொரு குரல்பதிவு மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உறுதியில் நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவது இதைத்தான்: இன்னார், இன்ன திகதியில், இன்ன இடத்தில், எங்கள் முன் ஒப்பமிட்டார். பக்கத்து வளவை ஒருவர் தன்னுடையதென்று எழுதிக்கொடுத்தால் ஒப்பம் உண்மை, உரிமை பொய். இல்லாத உரிமையை எந்த முத்திரையும் உண்டாக்காது.

காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமைதான். ஆனால் "தேடல் வேண்டாம்" என்று தரப்பினரே சொல்லிவிட்டால் அது நடக்காமலே உறுதி முடியலாம். காசு மிச்சம் என்று பலர் தலையாட்டுவது இங்கேதான்! முடித்த உறுதியைப் பதியாமல் வைத்திருப்பதும் ஆபத்து. அதே காணியைப் பணம் கொடுத்து வாங்கிய இன்னொருவர் முந்திப் பதிந்தால் அவருடைய உறுதியே மேலோங்கும்.

நம் பக்கத்தில் நிறைய இருக்கும் பேர்மிட் காணி வேறு கதை. அது அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்துப் பயன்படுத்த விட்ட அரச காணி. பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் கைமாற்றினால், எந்த நொத்தாரிசு எழுதியிருந்தாலும் செல்லாது.