பாலத்துக்கு அடியில் நிற்பவனைத் திட்டுவதற்கு முன்னால்

நேற்று சாயங்கால மழையில் நண்பர் ஒருவர் காருக்குள் உட்கார்ந்தபடி ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தார். மேம்பாலத்துக்கு அடியில் முப்பது நாற்பது பைக்குகள், அதில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு, பின்னால் கார்கள் வரிசை. கூடவே ஒரு வரி: "நாலு தூறல் விழுந்தா போதும், இவனுங்களுக்கு ரோடு அப்பன் வீட்டுச் சொத்து." நானூறு லைக். கமெண்டில் எல்லோரும் ஒழுக்கம், சிவிக் சென்ஸ், சிங்கப்பூர் என்று பொளந்து கட்டியிருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் லைக் போட்டிருப்பேன். அப்போது என்னிடமும் கார் இருந்தது.

இப்போது சைக்கிள். சுகர் வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கப் பிடிக்கவில்லை, மகனுடைய பழைய கியர் சைக்கிள் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். கிண்டி எஸ்டேட்டில் வேலை, வடபழனி தாண்டி வீடு, போக ஏழு வர ஏழு கிலோமீட்டர். நூறடி ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

போன வருடம் மே மாதம், கத்திரி. பகலெல்லாம் அடுப்புக்குள் இருந்த மாதிரி இருந்தது. மதியத்துக்கு மேல் வரவேண்டிய கடல்காற்று வரவேயில்லை. கடல்காற்று ஏமாற்றுகிற நாளில் சாயங்காலம் மேற்கே பார்க்க வேண்டும் என்று சென்னைக்காரன் எவனுக்கும் தெரியும். பார்த்தேன். ஈக்காட்டுத்தாங்கல் வரும்போதே வானம் அங்கே ஊதாவும் சாம்பலும் கலந்து, அடிபட்டுக் கன்றிப்போன தோல் மாதிரி இருந்தது. மணி ஐந்தே முக்கால். அப்போது எனக்கு என்ன தோன்றியது? நம் எல்லோருக்கும் தோன்றுகிற அதே எழவுதான். "மழை வர்றதுக்குள்ள போயிடலாம்."

கோடை இடிமழையில் மழை முதலில் வராது, காற்றுதான் முதலில் வரும். இது சைக்கிள் ஓட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மேகத்திலிருந்து மழை விழும்போது கொஞ்சம் நீர் வழியிலேயே ஆவியாகி அந்தக் காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனம். கல்லைப் போட்ட மாதிரி கீழே இறங்கி, தரையில் மோதி, நாலா பக்கமும் பரவுகிறது. நம்மிடம் அது வந்து சேரும்போது மழை இன்னும் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். "அப்பாடா, ஜில்லுனு காத்து" என்று நாம் சந்தோஷப்படுகிற அந்த நிமிடம்தான் உண்மையில் மோசமான நேரம் ஆரம்பிக்கிற நிமிடம்.

என்னை அது அடையாற்றுப் பாலத்தின் மேல் பிடித்தது, காசி தியேட்டருக்கு முன்னால். அங்கே இரண்டு பக்கமும் கட்டடம் கிடையாது, காற்றுக்கு நல்ல வசதி. முதலில் மண். கண்ணைத் திறக்க முடியவில்லை. அடுத்து இடதுபக்கத்திலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியது போல ஒரு தள்ளு, சைக்கிள் என்னைக் கேட்காமலே ஒன்றரை அடி வலதுபக்கம் நகர்ந்தது, அந்த ஒன்றரை அடியில்தான் ஒரு மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு முன்னால் ஸ்கூட்டியில் ஒரு அம்மா. முன்னால் நிற்கிற பிள்ளையின் முகத்தைத் துப்பட்டாவால் ஒரு கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கையால் வண்டி ஓட்டுகிறார். ஹேண்டில் ஆடுகிறது. பாலத்தில் ஓரம் கட்ட இடமில்லை, நின்றால் பின்னால் வருபவன் இடிப்பான், போனால் காற்று தள்ளும். இந்த இடத்தில் என்ன சிவிக் சென்ஸ் காட்டுவது என்று காரில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

பாலத்தை இறங்கியதும் பொடிப்பொடியாக மஞ்சள் பூ. ஓரத்து மரம் முழுக்கப் பூத்திருந்த பருவம். பூ பறந்தால் அடுத்தது கிளை என்று இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு தகரத் தடுப்பு கழன்று, தார் ரோட்டில் கிரீச்சென்று நெருப்புப் பொறி பறக்க உரசிக்கொண்டே ஓடியது. ஏதோ மழலையர் பள்ளி சேர்க்கை பேனர் ஒன்று பாதி கிழிந்து, சவுக்குக் கட்டையோடு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன அந்தப் பெண் பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் புயல்கூட இல்லை.

அப்புறம்தான் மழை. துளி இல்லை, சரளைக்கல். ஹெல்மெட்டுக்குள் சத்தம் தகரக் கொட்டகை மாதிரி. மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த ரோட்டில் ஆயிலும் டயர் தூளும் படிந்திருக்குமா, முதல் பத்து நிமிட மழையில் அது மேலே கிளம்பி சோப்புத் தண்ணீர் ஆகிவிடும். என் சைக்கிளின் ரிம் பிரேக்கும் நனைந்தால் வேலை செய்யாது, பிடித்தால் சும்மா "ஙொய்" என்கும். நிற்க இடம் தேடினேன்.

தலைக்கு மேலே ரோட்டின் நீளத்துக்கும் மெட்ரோ பாதை போகிறது. இவ்வளவு பெரிய கூரை. ஆனால் அது நடுத்திட்டுக்கு மேலே, மூன்று மாடி உயரத்தில் இருக்கிறது. சாய்வாக அடிக்கிற மழைக்கு அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. பஸ் நிறுத்தம் இருந்தது. வெள்ளிபோலப் பளபளக்கிற கம்பி, வழவழப்பான இருக்கை, மேலே கையகலக் கூரை, பின்னால் சுவர் கிடையாது. அதை வரைந்தவர் மழை மேலேயிருந்து நேராகத்தான் விழும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார் போல. அங்கே இருபது பேர் இருக்கைமேல் ஏறி நின்று நனைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய அலுவலகக் கட்டடம், பேர் வேண்டாம், வாசலில் நாலு கார் நிற்கிற அளவு போர்ட்டிகோ. ஓரமாக ஒதுங்கினேன். செக்யூரிட்டி ஓடி வந்தார். "சார், இங்க நிக்கக்கூடாது சார், கேமரால பாப்பாங்க." அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

கடைசியில் ஒரு ஏடிஎம்.

எட்டுக்கு ஆறடி அறைக்குள் ஏற்கனவே ஒன்பது பேர். நான் பத்தாவது. உள்ளே ஏசி, வெளியே நனைந்த உடம்பு, பத்து பேரும் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு மிஷினைப் பார்த்து நின்றோம். சும்மா நிற்க வெட்கப்பட்டு ஒருவர் ஐநூறு ரூபாய் எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் பேலன்ஸ் பார்த்தார். ஒரு உணவு டெலிவரிப் பையன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், பெரிய பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தான், அது நனையக்கூடாதே என்று. போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டான். "என்னங்க, மேப்ல ஒரே எடத்துலயே நிக்கிறீங்க?" "ஏடிஎம்ல நிக்கிறேன் மேடம்." "நான் ஆன்லைன்லயே பே பண்ணிட்டேனே?" எல்லோரும் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். ஐந்து நிமிடம் பொறுத்து, வெளியே இடி இடித்துக்கொண்டிருக்கும்போதே, பையை முதுகில் மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து போய்விட்டான். பத்து பேரில் ஒருவரும் "இருப்பா" என்று சொல்லவில்லை. நானும்தான்.

மின்னலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அறைக்குள்ளேயே ஒருவர் "டூவீலருக்கு ஒண்ணும் ஆகாது, டயர் ரப்பரு" என்று அடித்துச் சொன்னார். சில கிலோமீட்டர் காற்றையே கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு இரண்டு அங்குல ரப்பர் ஒரு தடையா? காருக்குள் இருப்பவர் தப்பிப்பது டயரால் இல்லை, சுற்றி இருக்கிற இரும்புக் கூட்டால். சைக்கிளில் அந்தக் கூடு ஏது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்கு 2,887 பேர் பலி. வயல்வெளியில்தான் அதிகம் என்றாலும் மரத்தடியில் ஒதுங்குகிற பழக்கம் ஊரிலும் நமக்கு இருக்கிறது. மின்னல் தெரிந்து மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிப் பாருங்கள், முப்பது நொடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். எந்தக் கட்டடத்துக்குள் என்பதுதான் கேள்வி. போர்ட்டிகோவில் கேமரா இருக்கிறதே.

சரி, இது திடீர் மழையா? நாமாகத்தான் திடீர் என்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் 2002-இலிருந்து, மழை மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டுகிற டாப்ளர் ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது, பள்ளிக்கரணையில் இன்னொன்று. படம் வானிலை மையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் கோடை மேகங்கள் பெரும்பாலும் திருவள்ளூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் எழும்பி நம் பக்கம் நகர்ந்து வருபவை. ஸ்ரீபெரும்புதூர் மேலே சிவப்பாக ஒன்று தெரிந்து, மணிக்கு 35 கிலோமீட்டரில் கிழக்கே வருகிறது என்றால் கிண்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் மாதிரி ஆட்கள் அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பதிவு போட்டுவிடுகிறார்கள். தகவல் இருக்கிறது. அதை வைத்து "எல்லாரும் நாலே முக்காலுக்குக் கிளம்புங்க", இல்லை "ஏழு வரைக்கும் யாரும் கிளம்பாதீங்க, டீ சொல்றேன்" என்று சொல்கிற மேனேஜர்தான் இல்லை. எங்கள் ஆபீஸில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "மழைக்கெல்லாம் பாலிசி கிடையாது" என்றார்கள்.

ஊரும் அப்படித்தான். எங்களுக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர். வடிகால் தூர் வாருவது, மோட்டார் வைப்பது, படகு நிறுத்துவது எல்லாம் அதற்கு. 2023 ஜூன் 18 ராத்திரி ஆரம்பித்து மறுநாள் காலைக்குள் மீனம்பாக்கத்தில் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் கொட்டியது, பள்ளிக்கு லீவு விட்டார்கள், விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பினார்கள். அதற்கு அடுத்த வாரமே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

மனசு வைத்தால் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 கோடையில் சிக்னல்களில் பைக்காரர்களுக்குப் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். முப்பது நொடி வெயிலுக்கு நிழல் தர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, நல்ல மனுஷர். 2025-இல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தார்கள். கத்திப்பாராவில் மேம்பாலத்துக்கு அடியில் கடையும் பார்க்கிங்குமாகப் பெரிய சதுக்கமே கட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் மற்ற பாலங்களுக்கு அடியில் கம்பிவேலி போட்டு, உள்ளே நாலு தொட்டிச்செடியும் ஒரு காய்ந்த நீரூற்றும் வைத்துப் பூட்டியிருக்கிற இடத்தில் ஒரு பகுதியை ஏன் திறந்துவிடக்கூடாது? நூறு பைக் நிற்கும். ரோடும் காலியாக இருக்கும். நண்பர் போட்ட படத்தைப் பெரிதுபடுத்திப் பார்த்தேன். இடதுபக்கம் வேலிக்குள் ஒரு ஈ காக்கா இல்லை, சொட்டு நனையாமல் காய்ந்து கிடக்கிறது. பைக்காரர்கள் அதை ஒட்டித்தான் ரோட்டில் நிற்கிறார்கள்.

நடுரோட்டை முழுக்க அடைத்து, பின்னால் ஆம்புலன்ஸ் அலறும்போதும் மழைக்கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அந்தப் படத்தில் இடதுகோடியில் ஒரு ஸ்கூட்டி, முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது. அந்த அம்மா எங்கே போயிருக்க வேண்டும் என்று நண்பரிடம் கமெண்டில் கேட்டேன். "ரெயின்கோட் வெச்சுக்கணும்" என்றார். அடையாற்றுப் பாலத்தின் மேல் ரெயின்கோட்டை விரித்தால் அது ரெயின்கோட் இல்லை, பாய்மரம்.

அன்றைக்கு ஏடிஎம்மில் நாற்பது நிமிடம் நின்றேன். வெளியே வந்தால் விழுந்து கிடந்த சைக்கிளை யாரோ நிமிர்த்தி விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். கம்பத்தில் மழைநாளில் கை வைக்கக்கூடாது என்று காலாலேயே சைக்கிளை இழுத்து எடுத்தேன். அசோக் பில்லர் பக்கம், உதயம் தியேட்டர் இருந்த இடம் வரைக்கும் முட்டி ஆழம் தண்ணீர். மூடி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியாததால் நடுத்திட்டை ஒட்டியே தள்ளிக்கொண்டு நடந்தேன். வீடு சேர மணி எட்டே கால். தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டம்மா வந்தாள்.

"ஏங்க, மெசேஜ் வந்திருக்கு பாருங்க. அடுத்த 3 மணி நேரத்துக்கு சென்னைல ஓரிரு இடங்கள்ல இடி மின்னலோட மழை பெய்ய வாய்ப்பு இருக்காம்."