ஓக்லஹோமா 2023: ஒரு தோல்வி உண்டு

'2023 சீசனில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல், தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தேசியக் கல்லூரிக் கோப்பையை வென்றது' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தோற்கவே இல்லை என்பது தவறு. அவர்கள் கணக்கு 61 வெற்றி, 1 தோல்வி.

அந்த ஒன்று பிப்ரவரி 19 அன்று பேய்லர் பல்கலைக்கழக அணியிடம், 4-3. அதற்கு முன் எட்டு வெற்றி. பின் வரிசையாக 53. அரிசோனா பல்கலைக்கழக அணியின் பழைய சாதனையான 47 தொடர் வெற்றிகளைத் தாண்டியது இந்த 53தான். இதைத்தான் யாரோ முழு சீசனாக்கிவிட்டார்கள் போல.

இறுதிச்சுற்று வெற்றியும் சும்மா கிடைக்கவில்லை. கோப்பையைத் தந்த இரண்டாம் ஆட்டத்தில் எதிரணியான புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 1-0 என முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஓக்லஹோமாவின் சிட்னி சாண்டர்ஸ், கிரேஸ் லையன்ஸ் அடுத்தடுத்து ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தபிறகே ஆட்டம் திரும்பியது, 3-1. தொடர்ந்து மூன்றாவது கோப்பை என்பது மட்டும் பதிவில் சரி.