0.39955-ஐ .400-னு எழுதலாமா?

பேஸ்பால் பேட்டிங் கணக்கை வச்சு பசங்களுக்கு தசமம், பின்னம், சதவீதம் பழக்கலாம்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப சரி, ஆனா அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸை விட்டுட்டீங்களே! 1941 சீசனோட கடைசி நாள் காலைல அவர் கணக்கு 448 அட்-பேட்ல (கணக்குல சேர்ற பேட்டிங் வாய்ப்பு) 179 ஹிட் (பந்தை அடிச்சு பேஸுக்குப் போய்ச் சேர்றது), ஹிட்டை அட்-பேட்டால வகுத்தா 0.39955, மூணு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணா .400, அபூர்வமான அந்த .400 கிடைக்க சும்மா உக்காந்திருந்தாலே போதும், ஆனா மனுஷன் அன்னைக்கு ரெண்டு மேட்சும் ஆடி 8-க்கு 6 அடிச்சு 185/456, அதாவது .406-ல முடிச்சார். என் பொண்ணு இதைக் கேட்டதும் பென்சிலை எடுத்து தானே வகுத்துப் பாத்தா, ரவுண்டிங் எதுக்குன்னு அன்னைக்குத்தான் அவளுக்குப் புரிஞ்சுது.

இன்னொண்ணு, ஒரு நாள் 2-க்கு 1 (.500), மறுநாள் 5-க்கு 1 (.200)னா பசங்க டக்குனு .350-ம்பாங்க, கிடையாது, 7-க்கு 2, .286 தான். பின்னத்துல மேலயும் மேலயும், கீழயும் கீழயும் கூட்டக் கூடாதுன்னு கிளாஸ்ல படிச்சிருப்பாங்க, இங்க அப்படித்தான் கூட்டணும், ஏன்னா நாம பாக்குறது மொத்த ஹிட், மொத்த அட்-பேட். வாக் (நாலு பந்து சரியா வராததால பேட்டருக்கு அடிக்காமலே கிடைக்கிற முதல் பேஸ்) கிடைச்சா அது அட்-பேட்ல சேராது, இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லேன்னா கீழ் எண்ணே தப்பாயிடும்.