பச்சை சகாராவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

சகாரா ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்தது. ஏரிகள் இருந்தன, நீர்யானைகள் இருந்தன, மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த உண்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடுத்த வரியிலேயே, "பாத்தீங்களா, பருவநிலை எப்பவும் மாறிக்கிட்டுதான் இருக்கு, அப்புறம் எதுக்குக் கரிம வரி?" என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே சிங்கப்பூரில் அந்த வரி, வெளியேற்றும் கரிம வாயு டன்னுக்கு 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி என்று ஏறியதில் எரிச்சல் வருவது நியாயம்தான். கரண்டு பில் எனக்கும் வருகிறது. அதற்குச் சகாரா என்ன பண்ணும்?

பேச்சைக் கிளப்பியவை சில படங்கள். 2024 செப்டம்பரில் பெய்த மழையில், மொராக்கோவில் ஐம்பது ஆண்டுகளாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரியில் தண்ணீர் சேர்ந்தது. மணல்மேடுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும் அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அதே ஆண்டு ஏப்ரலில் ஐக்கிய அரபு சிற்றரசுகளில் ஓரிடத்தில் ஒரே நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் சாங்கியில் நவம்பர் மாதம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ அவ்வளவுதான். துபாய் விமான நிலையம் வெள்ளக்காடானது. உடனே "பாலைவனம் பச்சையாகிறது" என்று ஒரு கூட்டம், "உலகம் அழியப் போகிறது" என்று இன்னொரு கூட்டம். ஒரு மழையை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது.

உண்மையான பச்சை சகாரா எப்படி இருந்தது என்று தெரிந்தால் இந்தப் படங்கள் சாதாரணமாகிவிடும். ஏறத்தாழ 14,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,500 ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்த ஈரக்காலம் அது. இன்றைக்குச் சுருங்கிப் போன சாட் ஏரி அப்போது மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து, காஸ்பியன் கடலுக்கு நிகராகக் கிடந்தது. நம் தீவை அதற்குள் நானூறு தடவைக்கு மேல் போடலாம். அந்த ஏரியின் வடக்குப் படுகை இப்போது போடேலே என்ற புழுதிக்கிடங்கு. அங்கிருந்து கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டுக்கு உரமாகப் போய் விழுகிறது.

நைஜரில் கோபெரோ என்று ஓர் இடம். 2000ஆம் ஆண்டில், டைனோசர் எலும்பு தேடிப் போன குழுவின் கண்ணில் மனித எலும்புகள் பட்டன. பழைய ஏரிக்கரையில் ஓர் இடுகாடு. முதலில் வாழ்ந்தவர்கள் நல்ல உயரமானவர்கள், எலும்பில் ஈட்டி செய்து பெரிய பெரிய மீன்களைப் பிடித்தவர்கள். பிறகு ஏரி வற்றி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு அங்கே மனித வாடையே இல்லை. மீண்டும் தண்ணீர் வந்தபோது வேறு மக்கள் வந்து அதே கரையில் குடியேறினார்கள். அந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணை இரண்டு குழந்தைகளோடு, கைகள் கோத்தபடி புதைத்திருக்கிறார்கள். எலும்புகளுக்கு அடியில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, மலர்களின் மேல் கிடத்தியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சகாராவின் நடுவில், மலர்கள்! அந்தக் காலத்து மக்கள் சகாராவில் விட்டுப்போன பாறை ஓவியங்களைவிட எனக்கு இதுதான் பெரிது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஈரக்காலத்துக்கு உள்ளேயே ஆயிரம் ஆண்டு வறட்சி ஒன்று வந்து போயிருக்கிறது.

சரி, ஏன் இப்படி மாறியது? பம்பரம் சுற்றும்போது தலையாட்டுமே, அதுபோல் பூமியின் அச்சும் மிக மெதுவாகத் தலையாட்டுகிறது. இதனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் காலம் ஆண்டின் ஒவ்வொரு பருவமாக நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 21,000 முதல் 23,000 ஆண்டு. இப்போது நாம் சூரியனுக்கு நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் அது வடகோளத்தின் கோடையில் நடந்தது. கோடை வெயில் இன்றைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதல். நிலம் கூடுதலாகச் சூடாக, அட்லாண்டிக்கின் ஈரக்காற்று இன்னும் வடக்கே உள்ளே இழுக்கப்பட்டது. பருவமழை பாலைவனத்துக்குள் நுழைந்தது. அரபு நாடுகளிலும் இந்தியாவிலும் பருவமழை வலுத்தது இதே காரணத்தால்தான். ஜான் குட்ஸ்பாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1981இல் இதைக் கணினிக் கணக்காகவே போட்டுக் காட்டினார்.

ஆனால் வெயில் மட்டும் போதாது. புல் முளைத்ததும் வெளிறிய மணலுக்குப் பதில் கறுத்த தரை வந்தது, அது இன்னும் வெப்பத்தை வாங்கியது, செடிகளும் ஏரிகளும் ஈரத்தைத் திருப்பிக் காற்றில் விட்டன, தூசி குறைந்தது. மழை மழையைக் கூட்டி வந்தது. போகும்போதும் அதே கதைதான், தலைகீழாக. வெயில் குறைந்தது படிப்படியாக. வறட்சி அப்படித்தான் வந்ததா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மோரிட்டேனியா கரைக்கு அப்பால் கடலடி மண்ணில் தூசி சில நூற்றாண்டுகளுக்குள் சட்டென்று கூடியிருக்கிறது. வட சாடில் இன்றும் தண்ணீர் உள்ள யோவா ஏரியின் அடிமண்ணோ நிதானமாக உலர்ந்த கதையைச் சொல்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அவ்வளவு பெரிய நிலம் ஒரே நாளில் ஒரே மாதிரி காயுமா என்ன?

கடந்த 80 லட்சம் ஆண்டுகளில் இப்படி 200க்கும் மேற்பட்ட ஈரக்காலங்கள் வந்துபோன தடயம் இருக்கிறது. (இந்த இடத்தில் யாராவது கமெண்டில் நம் பாலைத் திணை விளக்கத்தைப் போடுவார்கள் என்று தெரியும். அது கோடையில் காய்ந்து மழையில் தளிர்க்கும் நிலத்தைப் பற்றியது. அழகு. ஆனால் கணக்கு வேறு.)

இப்போது அந்த வாதத்துக்கு வருவோம். "இயற்கையாகவே மாறும்" என்கிறீர்கள். மாறும். அந்த மாற்றத்துக்கு ஒரு காரணமும் கால அட்டவணையும் இருக்கின்றன. அட்டவணைப்படி பார்த்தால் வடகோளத்தின் கோடை இப்போது சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருக்கும்போது வருகிறது. சகாரா பச்சையாவதற்கு இது நேர் எதிரான கட்டம். அடுத்த முறைக்கு இன்னும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு இருக்கிறது. ஆகவே என் ஆயுளுக்குள் அங்கே ஏதாவது பெரிதாக மாறினால், அதற்குப் பூமியின் தலையாட்டலைக் காரணம் காட்ட முடியாது. பழைய மாற்றங்களைப் படித்தவர்கள்தான் இதை முதலில் சொல்கிறார்கள். சிறு தூண்டுதலே அவ்வளவு பெரிய நிலத்தைப் புரட்டிப் போட்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

காரணம் தெரியாமல் பழி போடுவதற்கும் சகாரா விளிம்பிலேயே உதாரணம் உண்டு. 1970களிலும் 80களிலும் சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேலில் மழை பொய்த்து, பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள். ஆடுமாடு மேய்ப்பவர்கள் புல்லை மொட்டையடித்ததால்தான் மழை போனது என்று அப்போது பலர் எழுதினார்கள். 1975இல் ஜூல் சார்னி என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி, வெளிறிய தரை மழையைக் குறைக்கக்கூடும் என்று காட்டியதும் அதற்குத் தெம்பு கொடுத்தது. பின்னர் வந்த கணினி மாதிரிகள் முக்கியக் காரணம் கடல் மேற்பரப்பின் வெப்பநிலை மாறியதே என்று காட்டின. வடகோளத் தொழிற்சாலைப் புகைக்கும் அதில் பங்கு உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கார்கூட இல்லாதவன் தலையில் பழி! அன்று அதை எழுதிய எத்தனை பேர் பிறகு திருத்திக்கொண்டார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் காது நிமிரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல், நமக்குத் தண்ணீர் தரும் மலேசியாவின் ஜோகூரில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு இறங்கியபோது இங்கே எவ்வளவு பேச்சு! ஜோகூர் தண்ணீர் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதற்காகவே புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று எத்தனையோ ஆண்டுகளாக வேலை நடக்கிறது. இப்போது சகாராவைப் பாருங்கள்: லிபியாவின் நகரங்கள் குடிப்பது, தெற்கே மணலுக்கு அடியிலிருந்து பெருங்குழாய்களில் வரும் தண்ணீரை. பழைய ஈரக்காலங்களில் பெய்து இறங்கிய மழை அது. பெரும்பகுதிக்குப் பல்லாயிரம் ஆண்டு வயது. இன்று அங்கே பெய்கிற மழை அதை நிரப்பப் போதாது. 1991 முதல் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, எடுக்க எடுக்க நீர்மட்டம் இறங்குகிறது.