எல்&டி சுவிட்ச்கியர் ‘மூடப்பட்டதா’? லாரிட்ஸ் க்னுட்சன் ‘போலியா’?

“எல்&டி சுவிட்ச்கியர் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். லாரிட்ஸ் க்னுட்சன் பெயரில் வருவது டூப்ளிகேட்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

நடந்தது விற்பனை. சுவிட்ச்கியர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சாதனங்கள்) தயாரித்த தன் மின்சாதன, ஆட்டோமேஷன் பிரிவை பிரான்ஸின் ஷ்னைடர் எலக்ட்ரிக்குக்கு ரூ.14,000 கோடிக்கு விற்பதாக எல்&டி 2018 மே மாதம் அறிவித்தது. போட்டி ஆணையம் 2019-இல் நிபந்தனைகளோடு அனுமதிக்க, 2020 ஆகஸ்ட் இறுதியில் கைமாறியது. அப்போது சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்குக்கு 35% பங்கு கிடைத்தது. எல்&டி கட்டுமானம், பொறியியலில் கவனம் குவிக்க விலகியது; ஷ்னைடருக்குக் கிடைத்தது ஊர்க் கடைவரை நீளும் விற்பனை வலை. கோயம்புத்தூர் ஆலையும் இதோடு சேர்ந்தே போனது. 2024-இல் சுவிட்ச்கியரின் பெயர் லாரிட்ஸ் க்னுட்சன் என்று மாறியது.

ஆக, பெயரை மட்டும் பார்த்துப் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பம்புசெட் ஸ்டார்ட்டருக்கு உதிரி வாங்கும்போது பழைய பாகத்தின் கேட்லாக் எண்ணை ஒப்பிடுங்கள். கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) காயில் 240 வோல்ட்டா, 415-ஆ என்று பாருங்கள். 415 வோல்ட் இணைப்பில் 240 காயிலை மாட்டினால் கருகிவிடும், மாற்றி மாட்டினால் ஒழுங்காக இழுக்காது. நேரடி (DOL) ஸ்டார்ட்டரில், ஓவர்லோடு ரிலேயின் (மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் பாகம்) ஆம்பியர் எல்லைக்குள் மோட்டார் பெயர்ப்பலகையிலுள்ள மின்னோட்டம் அடங்க வேண்டும்.

போலிகள் சந்தையில் உண்டுதான். ஆனால் அவை பழைய பெயரிலும் வரும்.