கேபட்டுக்குக் கிடைத்தது 10 பவுண்டு மட்டுமல்ல
இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி பெரிய கஞ்சர், அட்லாண்டிக்கைக் கடந்து வட அமெரிக்காவில் புது நிலம் கண்டு திரும்பிய இத்தாலிய மாலுமி ஜான் கேபட்டுக்கே வெறும் 10 பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டார் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த 10 பவுண்டு 1497 ஆகஸ்டில் உடனடியாகக் கொடுத்த பரிசு. அதே ஆண்டு டிசம்பரில் பிரிஸ்டல் துறைமுகச் சுங்க வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 20 பவுண்டு மானியமும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் 1498இல் கேபட்டின் அடுத்த பயணத்துக்குக் கிளம்பிய ஐந்து கப்பல்களில் ஒன்றுக்கு மன்னரே செலவு செய்தார். அதில் லாபம் எதுவும் வராத பிறகும் ஆர்வம் விடவில்லை. 1501இல் பிரிஸ்டல் வணிகர்களுக்கும் அட்லாண்டிக்கில் உள்ள போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்காரர்களுக்கும் சேர்த்து, புது நிலம் தேடிப் போகப் புதிய உரிமம் வழங்கினார். கணக்கில் கறாரானவர்தான். கேபட்டுக்குக் கொடுத்த 1496 உரிமத்தில் செலவு முழுக்க அவருடையது, லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. ஆனால் புது நிலங்களிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்க விலக்கும் அதே பத்திரத்தில் இருக்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், 1493இல் நெதர்லாந்துடன் வணிகத்தையே நிறுத்தியவர் எப்படி வணிகத்தை வளர்த்தார் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அரியணைக்கு உரிமை கோரிய பெர்கின் வார்பெக்குக்கு அங்கே ஆதரவு கிடைத்ததால் வந்த தடை அது. லண்டன் துணி வணிகர்கள் அதில் நிஜமாகவே அடிபட்டார்கள். தன் மகுடத்துக்கு ஆபத்து என்றால் அவருக்கு வியாபாரம் இரண்டாம்பட்சம்தான். ஆனாலும் 1496 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டு அந்தச் சந்தையை மறுபடி திறந்தார், இரண்டு வாரம்கூட ஆகாமல் மார்ச் 5 அன்று கேபட்டின் உரிமத்தையும் வழங்கினார்.